புதன்கிழமை அனுப்பிய பன்னிரண்டு மெயில்கள்

போன புதன்கிழமை நானும் என் மனைவி செண்பகமும் சேர்ந்து ஒரே ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு மெயில் அனுப்பினோம். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்புறம் எதற்கு? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

செண்பகத்துக்கு வேலை கிடைத்திருந்தது. ஐம்பது வயதில்... முதல் வேலை!

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் பாதிக் கூட்டம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கும். நாகர்கோவில், தக்கலை, தென்காசி, செங்கோட்டை... டாக்டர் மலையாளத்தில் கேட்பார். வந்தவர் தமிழில் சொல்வார். இரண்டு பேரும் தலையை ஆட்டுவார்கள். யாருக்கு எவ்வளவு புரிந்தது என்பது வீட்டுக்குப் போய் மாத்திரையைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

இதற்கென்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 'தமிழ் உதவி மேஜை' ஒன்று போட்டார்கள். இரண்டு மொழியும் பேச வேண்டும், நோயாளியிடம் எரிந்து விழக் கூடாது. இவ்வளவுதான் தகுதி. ஒரு டிகிரியும் வேண்டும். செண்பகத்திடம் நாகர்கோவிலில் வாங்கிய பி.எஸ்ஸி. ஒன்று பீரோவில் கிடந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி இந்த ஊர் மணக்காட்டுக்கு வரும்போது கூடவே வந்த சர்டிஃபிகேட்.

மலையாளம்? அதை அவள் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கற்றுக்கொண்டாள். என் அம்மாவுக்கு ஒன்பது வருடம் சிறுநீரகக் கோளாறு. அம்மா போன பிறகும் செண்பகத்துக்கு ஓய்வில்லை. ஊரிலிருந்து சொந்தக்காரர் யாராவது ஸ்கேன் கவரோடு தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவார். 'செண்பகத்தைக் கூப்பிடு, அவளுக்கு எல்லா டாக்டரையும் தெரியும்' என்பார். அவளும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இன்டர்வியூவுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாள். எனக்கே மறுநாள்தான் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. 'உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். சம்மதத்தை வருகிற புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மெயிலில் தெரிவிக்கவும். தவறினால் பட்டியலில் அடுத்திருப்பவருக்கு வாய்ப்பு தரப்படும்.'

"இப்பவே அனுப்பிரு" என்றேன். நான் அவசரக்காரன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் இதைப் பல தடவை அனுபவித்திருப்பீர்கள்.

அவள் எழுந்து காலண்டர் பக்கம் போனாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஆபீசு கிடையாது. திங்க அஷ்டமி. செவ்வா நவமி. புதன் நல்ல நாளு. பன்னெண்டு மணிக்கு ராகுகாலம் வந்துரும். அதுக்கு முந்தி பத்தரைக்கு மேல குளிகை இருக்குல்லா, அதுல அனுப்பிருவோம்."

"கடைசி நாள் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணுமா?"

"இருபத்தாறு வருசம் காத்தாச்சு. நாலு நாளுல என்ன வந்துரப் போகுது?"

பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

குளிகை விஷயத்தில் இந்த ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. எதிர்வீட்டு மலையாளிகள் குளிகன் நேரம் என்றால் நல்ல காரியத்தைத் தள்ளி வைப்பார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் நேர்மாறு. குளிகையில் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் நகை வாங்கலாம், வீடு வாங்கலாம்... துக்க காரியம் மட்டும் கூடாது. ஒரே காலண்டர், ஒரே கட்டம். தெருவுக்கு இந்தப் பக்கம் நல்ல நேரம், அந்தப் பக்கம் கெட்ட நேரம். ஆனால் குளிகையில் மெயில் அனுப்பினால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

புதன்கிழமை பத்து நாற்பத்தேழுக்கு விளக்கேற்றிவிட்டு அனுப்பினாள். இரண்டே வரி. 'வேலையை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன். நன்றி.' நான் பாயசம் கேட்டேன். பதில் வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

பதில் வந்தது — மத்தியானம் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து அல்ல. மெயில் கம்பெனியிடமிருந்து. மஞ்சள் முக்கோணம், உள்ளே ஆச்சரியக்குறி, பக்கத்தில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து: 'உங்கள் மெயில் இன்னும் போய்ச் சேரவில்லை.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது. யார் படித்தார்கள்?

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ரிசப்ஷனில் ஒரு பெண் எடுத்தாள். "சிஸ்டம் டௌணாணு சாரே. ராவிலெ முதல் மெயில் ஒந்நும் வருந்நில்லா. நாளெ விளிக்காமோ?" காலையிலிருந்தே மெயில் எதுவும் வரவில்லையாம். நாளைக்குக் கூப்பிட வேண்டுமாம். ஐந்து மணிக் கெடுவைப் பற்றிச் சொன்னேன். அது எச்.ஆர். விஷயம், அவர்களுக்கு மெயில் அனுப்புங்கள் என்றாள்!

ஆட்டோ பிடித்தால் இருபது நிமிஷம். நேரில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. கையில் போன் இருந்தால் கால் இருப்பது மறந்துபோகிறது.

"மறுபடி அனுப்பு" என்றேன். அனுப்பினாள். பத்து நிமிஷம் பார்த்தோம். "இன்னொரு தடவை." அதையும் அனுப்பினாள். எனக்குள்ளிருந்த எழுத்தாளன் விழித்துக்கொண்டான். 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று ஒன்று. 'எங்கள் தரப்பில் தவறில்லை என்பதை' என்று ஒன்று. ஒன்றில் மஞ்சள் முக்கோணத்தைப் படம் பிடித்து ஒட்டினோம். ஒன்றில் அவசரம் என்று தலைப்பில் மூன்று முறை எழுதினோம். காலையில் போனதைத் தவிர ஒன்பது!

நாலரை மணி சுமாருக்கு அவள் டீ போடப் போனாள். நான் கொல்லைப்புறத்தில் நின்று என்னுடைய ஐடியிலிருந்து பதினோராவதாக ஒன்று எழுதினேன். பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லை. தமிழிலேயே எழுதி அனுப்பிவிட்டேன்.

ஐந்து அடித்தது. செண்பகம் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்து நிதானமாக ஏதோ தட்டினாள்.

"என்ன செய்யுதே?"

"எழுதிட்டேன். நேரம் தாண்டிப்போச்சு, வேற நல்ல ஆளாப் பாத்து இந்த இடத்தக் குடுங்கன்னு. இவ்வளவு மெயிலப் பாத்தா நாம கெஞ்சுகது போல இருக்கும். எனக்கு அது வேண்டாம்."

அனுப்பியும்விட்டாள். பன்னிரண்டாவது. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கத்தினால் அவளும் கத்துவாள், வீடு கலகலப்பாக இருக்கும். அன்றைக்கு அவள் எழுந்து, காயப்போட்ட துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

ஆறு மணிக்கு ஐயப்பன் பைக்கில் வந்து இறங்கினான். அடுத்த தெரு. குடும்பத்துக்குச் சாலை பஜாரில் பலசரக்கு மொத்த வியாபாரம். இவன் மட்டும் கடையில் உட்காராமல் டெக்னோபார்க் கம்பெனி ஒன்றில் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறான். நான் போனில் புலம்பியதைக் கேட்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணாச்சி, கீழ எழுதியிருக்கத வாசிச்சியளா?"

அந்த நாலு வரி. 'தொடர்ந்து முயன்றுகொண்டிருக்கிறோம். நீங்கள் திரும்ப அனுப்பத் தேவையில்லை.'

"அக்கா, டென்ஷன் அடிக்காண்டாம். உங்க மெயிலு எங்கயும் தொலைஞ்சு போகல. நம்ம பக்கத்துச் சர்வரு அந்தப் பக்கத்துக் கதவப் போய்த் தட்டும். திறக்கலன்னா மெயிலக் கிழிச்சுப் போடாது. கையிலயே வச்சிருந்து கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் போகும். மொதல்ல அஞ்சு நிமிஷம், பெறகு அரை மணிக்கூர், பெறகு ஒண்ணு, ரெண்டு மணிக்கூர்... இப்படியே நாலஞ்சு நாளு நடக்கும். அப்பவும் திறக்கலன்னாத்தான் முடியலன்னு நம்மகிட்டத் திருப்பித் தரும்."

"கோவப்படாதா?" என்று கேட்டேன்.

"மெஷினுக்கு என்ன கோவம்? போகப் போக இடைவெளியத்தான் கூட்டும். அவங்களே கஷ்டத்துல இருக்காங்க, சும்மா சும்மா போய்த் தட்டக் கூடாதுன்னு."

எனக்குச் சுருக்கென்றது. யாராவது போனை எடுக்காவிட்டால் நான் என்ன செய்வேன்? உடனே மறுபடி அடிப்பேன். பிறகு வாட்ஸ்அப். பிறகு அவர் மனைவிக்கு. இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போவேன். ஒரு மெஷினுக்கு இருக்கும் இங்கிதம்!

"நேரம் தாண்டிப்போச்சே ஐயப்பா" என்றாள் செண்பகம்.

"இல்லக்கா. மெயிலு ஒவ்வொரு சர்வரு கை மாறும்போதும் அதுல மணி குத்தி வைப்பாங்க. நீங்க பத்து நாப்பத்தேழுக்கு அனுப்பினது அதுல இருக்கும். எப்பப் போய்ச் சேந்தாலும் அனுப்பின நேரம் மாறாது." அவனுக்குத் திடீரென்று குறும்பு வந்தது. "குளிகையில அனுப்பினதுல்லா? திரும்பத் திரும்ப நடக்கத்தானே செய்யும். சர்வரு அதத்தான் செய்துக்கிட்டு இருக்கு."

செண்பகம் மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே நிறுத்தினாள்.

"அப்ப கடைசியா நான் வேண்டாம்னு எழுதினது?"

ஐயப்பன் முகம் மாறியது. என்ன எழுதினீர்கள் என்று கேட்டான். காட்டினாள். தலையைச் சொறிந்தான்.

"அதுவும் வரிசையில நிக்குதுக்கா. திரும்ப எடுக்க முடியாது. அதவிட ஒரு கஷ்டம்... பழைய மெயிலெல்லாம் பல தடவ தட்டிப் பாத்து நீளமா காத்துக்கிட்டு இருக்கும். புதுசா வந்தது அடிக்கடி தட்டும். கதவு திறந்தா கடைசியா அனுப்பினதே மொதல்ல உள்ள போனாலும் போகும்."

காலையில் எச்.ஆர். ஆபீஸில் முதலில் திறந்து பார்க்கப்போவது 'எனக்கு வேண்டாம்'. 'எனக்குச் சம்மதம்' ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்துத்தான் வரும். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட மாட்டார்களா?

"நேர்ல போயிருங்கக்கா" என்றான் ஐயப்பன். அப்போதுதான் எங்களுக்குக் கால்கள் ஞாபகத்துக்கு வந்தன.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். செண்பகம் காலண்டர் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. ஆட்டோவில் அவள் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. சாயங்காலமெல்லாம் துணி மடித்ததில் தெரியாதது அப்போது தெரிந்தது. இந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று.

எச்.ஆர். மேனேஜர் நாற்பது வயது மலையாளிப் பெண். தமிழ் பேசுவார். சாலை பஜார்க் கடைகளில் பேரம் பேசிப் பழகிய தமிழ். படிக்கத் தெரியாது. நாங்கள் போனபோது ஒரு கையில் டெலிபோன் ரிசீவர், கண் கம்ப்யூட்டரில்.

"செண்பகம் அல்லே? இப்பத்தான் சிஸ்டம் வந்தது. உங்க மெயில் கண்டேன். ஜோலி வேண்டாம்னு எழுதியிருக்கல்லோ? நான் அடுத்த ஆளை விளிக்கப் போறேன்."

ஐயப்பன் சொன்னபடியே நடந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். செண்பகம் என் கையை அழுத்தினாள்.

"மேடம், அது நேத்து சாயங்காலம் மனசு விட்டுப்போய் எழுதினது. சம்மதம்னு நேத்து காலையிலயே அனுப்பிட்டேன். பத்து நாப்பத்தேழுக்கு. அது வழியில இருக்கு, வந்துரும். வந்தா அதுல நேரம் இருக்கும். அது வரைக்கும் நான் இங்க இருக்கட்டா?"

ரிசீவர் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கியது. "இரிக்கு" என்று நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தோம். மெயில்கள் வர ஆரம்பித்தன. முதலில் 'அவசரம் அவசரம் அவசரம்'. அப்புறம் மஞ்சள் முக்கோணம். அப்புறம் 'மேலான கவனம்'. ஒவ்வொன்றாக, முன்பின்னாக. மேடம் ஒவ்வொன்றையும் திறந்து எங்களைப் பார்த்தார். "ஈஸ்வரா... இனியும் உண்டா?" நான் தரையில் ஓடு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் காலையில் அனுப்பியது மட்டும் வரவில்லை. பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று.

அப்போது இன்னொன்று வந்தது. "இது தமிழ் அல்லே? வேற ஐடி." மேடம் திரையைச் செண்பகம் பக்கம் திருப்பினார். "எந்தா இதில்? வாயிச்சுச் சொல்லு. உங்க ஜோலிதானே இது!"

நான் கொல்லைப்புறத்தில் நின்று எழுதியது.

செண்பகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். வரிவரியாகப் படித்து மலையாளத்தில் சொன்னாள். 'என் தாயார் ஒன்பது வருடம் நோயில் இருந்தார். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் மனைவி. எழுத்து வேலை இருக்கிறது என்று சொல்லி நான் வீட்டில் இருந்துகொண்டேன். பல நாள் எழுதவும் இல்லை. டாக்டர் சொல்வதை நோயாளிக்குப் பயம் வராமல் எடுத்துச் சொல்ல என் மனைவியைப் போல் நான் யாரையும் பார்த்ததில்லை...'

அங்கே நிறுத்தினாள். உதடு மட்டும் அசைந்தது. மீதி என்ன என்று எனக்குத் தெரியும். 'கடைசி நாளில் என் தாயார் தேடியது என்னை அல்ல, அவளை. இதற்கெல்லாம் நான் அவளுக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. இந்த வேலையையாவது அவளிடமிருந்து யாரும் பறித்துவிடாதீர்கள்.'

"பின்னே?" என்றார் மேடம்.

"பின்னே... ஜோலி தரணும்னு எழுதியிருக்கு மேடம். அத்ரேயுள்ளூ." அவ்வளவுதானாம்.

தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, முகம் படிக்கத் தெரியாதா? மேடம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துச் செண்பகத்தின் பக்கம் நகர்த்தினார்.

பத்து ஐம்பதுக்கு அது வந்தது. இரண்டே வரி. 'வேலையை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன். நன்றி.' மேடம் தகவல் பகுதியைத் திறந்து விரலை வைத்துப் பார்த்தார். புதன்கிழமை, பத்து நாற்பத்தேழு.

"சரி. ஐந்து மணிக்கு முந்தி அனுப்பியிருக்கு. சர்வர் எங்க பக்கம்தான் மோசம்." சிரித்தார். "திங்கள்கிழமை எட்டு மணிக்கு வரணும்."

திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். நான் செண்பகத்தைப் பார்த்தேன். "வந்துருகேன் மேடம்" என்றாள் அவள், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

திரும்பி வரும்போது ஓவர்பிரிட்ஜ் சிக்னலில் வண்டி நின்றது.

"அந்த மெயிலு எனக்கு ஒண்ணு அனுப்புங்க."

"அதுதான் வாசிச்சிட்டியே."

"எங்க வாசிச்சேன்? பாதியிலயே கண்ணு நிறைஞ்சு போச்சு. அதுவுமில்லாம அது ஆஸ்பத்திரிக்கு எழுதினதுல்லா? எனக்கு அனுப்புங்க."

போனை எடுத்தேன். அவள் பேரைத் தட்டி அனுப்பினேன். சிக்னல் விழுவதற்குள் அவள் கைப்பைக்குள் சத்தம் கேட்டது.

இத்தனை வருடத் தாமதத்துக்கு எந்தச் சர்வரைக் குறை சொல்வது?